தரத்தைக் கூட்டியும் பழைய வெப்பி படமே வருது, வழி சொல்லுங்க

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல மாமாவுக்குப் புடவைக் கடை. அதோட வேர்ட்பிரஸ் சைட்டை நான்தான் பாத்துக்கறேன். 1,400 ஜேபெக் படத்தை ஒரு பிளகின் (வேர்ட்பிரஸ்ல சேர்க்கற துணை நிரல்) வெச்சு வெப்பியா (WebP, சைஸ் கம்மியான பட வடிவம்) மாத்தினேன். சைட் சீக்கிரம் திறக்கணும்னு தரத்தை 50-ல வெச்சது என் புத்தி. சிவப்புப் புடவையில ஜரிகை எல்லாம் கலங்கிப் போச்சு. (இப்படித் தரம் குறைச்சுச் சுருக்கற வெப்பி, நிற விவரத்தை நீளம், அகலம் ரெண்டுலயும் பாதியாக் குறைச்சுத்தான் வைக்கும், சிவப்புல அது பளிச்னு தெரியும்.) ஒரு அக்கா போன்ல, "தம்பி, இது ஜரிகையா, மஞ்சள் பெயின்ட்டா?"ன்னு கேட்டாங்க. மாமா அன்னைக்கு என்கிட்ட பேசவே இல்ல.

இப்ப 82-க்கு ஏத்திட்டேன். புதுப் படம் சூப்பர், பழசு அப்படியே. மொத்தமா மாத்துற பட்டனை அழுத்தினா, ஏற்கெனவே மாத்தியாச்சுன்னு தாண்டிப் போயிடுது. ஒரே ஒரு வெப்பியைக் கையால அழிச்சு மறுபடி மாத்தினேன். சர்வர்ல 38 கேபி 91 ஆச்சு. ஆனா பிரவுசர்ல பழசுதான். முகவரிக்குப் பின்னாடி ?வி=2 போட்டா புதுசு வருது. அப்போ கேஷ் (சேமிச்சு வெச்ச பழைய நகல்), சிடிஎன் (படத்தோட நகலைப் பல ஊர் சர்வர்ல வெச்சுத் தர்ற சேவை) ரெண்டையும் காலி பண்ணணும், சரிதானே?

ஒரிஜினல் ஜேபெக் பத்திரமா இருக்கு. எஸ்எஸ்ஹெச்ல (தூரத்துல இருந்தே சர்வருக்குக் கமாண்ட் கொடுக்கற வழி) எல்லா வெப்பியையும் ஒரேயடியா அழிக்கலாமான்னா, பயம். சுமார் 60 படம் நேரடியா வெப்பியாவே ஏத்தினது, அதுக்கு ஜேபெக்கே கிடையாது. ஜேபெக் ஜோடி இருக்கறதை மட்டும் அழிக்க கமாண்ட் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஷேர்டு ஹோஸ்டிங் (பல சைட் ஒரே சர்வரைப் பங்கு போட்டுக்கறது) வேற, ஒரு தடவைக்கு எத்தனை படம் மாத்தினா தாங்கும்? ஆடித் தள்ளுபடிக்குள்ள முடிக்கணும்.