காசு கொடுத்து வாங்கிய இசைக்குக் காப்பிரைட் கிளெய்ம்: டிஸ்ப்யூட் போடலாமா?

கேட்டவர்:
வணக்கம். பழைய நாற்காலி, மேசைகளைத் தேய்த்துப் பாலிஷ் போடும் வீடியோக்கள் போடுகிறேன். பேச்சு குறைவு, பின்னணி இசைதான் எல்லாம். ஸ்டாக் தளம் (ஆயத்த இசையைப் பலருக்கும் விற்கும் தளம்) ஒன்றில் லைசென்ஸ் வாங்கிய கிட்டார் டிராக்கைச் சேர்த்து யூடியூபில் ஏற்றினேன். நாலு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. நேற்றுக் காலை பார்த்தால், இசை தன்னுடையது என்று யாரோ உரிமை கோரும் கிளெய்ம் வந்து உட்கார்ந்திருக்கிறது, விளம்பர வருமானம் வேறு யாருக்கோ போகிறதாம். அதில் போட்டிருக்கும் பாட்டின் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. 0:42 முதல் 1:17 வரை என்று காட்டுகிறது. லைசென்ஸ் பிடிஎஃப் கையில் இருக்கிறது, ஆனால் அதை மறுத்து டிஸ்ப்யூட் போட்டால் ஸ்ட்ரைக் (யூடியூபின் காப்பிரைட் எச்சரிக்கை) விழுந்து சேனலே போய்விடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். பேசாமல் அழித்துவிடவா?

பதில் 1:
ப்ரோ, இசையின் பிட்சை (சுருதியை) கொஞ்சம் ஏற்றி மறுபடி அப்லோட் செய்யுங்கள். முடிந்தது கதை.

பதில் 2:
கதை முடியாது, வியூஸும் கமெண்ட்டும்தான் முடியும். காசு கொடுத்து வாங்கியவர் ஏன் திருடனைப் போல ஒளிய வேண்டும்?

முதலில் அந்தப் பாட்டைத் தேடி ஒரு தடவை முழுசாகக் கேளுங்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான்: நீங்கள் வாங்கிய அதே டிராக்கை இன்னொருவரும் வாங்கி, மேலே குரல் கொடுத்து, தன் பாட்டாக வெளியிட்டு, விநியோக நிறுவனம் மூலம், யூடியூபில் ஒலியைத் தானாகப் பொருத்திப் பார்க்கும் கன்டென்ட் ஐடியில் சேர்த்திருப்பார். பலருக்கும் விற்கப்படும் இசையை அப்படிச் சேர்க்கவே கூடாது, தனி உரிமை இருந்தால்தான் சேர்க்கலாம். ஆனால் இயந்திரத்துக்கு அது எப்படித் தெரியும், ஒலி பொருந்தினால் கிளெய்ம் போட்டுவிடும், பழைய வீடியோக்களையும் விடாது. நாலு மாதம் கழித்து வந்ததன் காரணமும் அதுவாக இருக்கலாம்.

இல்லையென்றால் இசையமைப்பாளரே தன் டிராக்கைப் பதிவு செய்திருப்பார். அப்போது சண்டை எதற்கு, லைசென்ஸ் எண்ணையும் வீடியோ லிங்க்கையும் அனுப்பினாலே எடுத்துவிடுவார்கள். சில தளங்களில் சேனலை முன்கூட்டியே பதிவு செய்யும் வசதி இருக்கும், அதை விட்டுவிட்டீர்களா என்றும் பாருங்கள்.

எதுவானாலும் நாளைக் கடத்தாதீர்கள். கிளெய்ம் வந்த 5 நாளுக்குள் டிஸ்ப்யூட் போட்டால் முதல் நாளிலிருந்தே வருமானத்தைத் தனியாக நிறுத்திவைப்பார்கள், ஜெயித்தால் உங்களுக்கு வரும். தாண்டிவிட்டால் டிஸ்ப்யூட் போட்ட நாளிலிருந்துதான் கணக்கு.

கேட்டவர்:
கேட்டேன்! யாரோ ராப் பாடுகிறார், அடியில் என் கிட்டார் அப்படியே ஓடுகிறது. நடுவில் கம்பியில் விரல் உரசும் அந்தக் கீச் சத்தம்கூட அதே இடத்தில். சரி, ஸ்ட்ரைக் விஷயம்?

பதில் 3:
கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. டிஸ்ப்யூட் போட்டதற்காக ஸ்ட்ரைக் வராது. எதிராளிக்கு 30 நாள் அவகாசம். அதற்குள் வாய் திறக்கவில்லை என்றால் கிளெய்ம் தானாக விலகும். மறுத்தால் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு அவர்களுக்கு 7 நாள்தான். அவர்கள் வீடியோவையே நீக்கச் சொல்லிக் கோரிக்கை கொடுத்து, அது ஏற்கப்பட்டால்தான் ஸ்ட்ரைக். 90 நாளுக்குள் 3 விழுந்தால் சேனலுக்கே ஆபத்து. அதற்கும் எதிர் அறிவிப்பு கொடுக்க வழி உண்டு, ஆனால் அது சட்ட விவகாரம். லைசென்ஸ் சுத்தமாக இருந்தால் மட்டும் அந்தப் படி ஏறுங்கள்.

சுத்தம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான் அடிபட்டவன். மற்றவர்களுக்கு எடிட்டிங் செய்து தருகிறேன். டிராக்கை என் பெயரில் வாங்கி வாடிக்கையாளர் சேனலில் போட்டேன், டிஸ்ப்யூட்டை மறுத்துவிட்டார்கள். லைசென்ஸில் இருந்த பெயர் வேறு, சேனல் வேறு. கடைசியில் தளத்துக்கு எழுதி, வாடிக்கையாளர் பெயரில் கடிதம் வாங்கி, மேல்முறையீட்டில்தான் தப்பித்தேன். ராயல்டி ஃப்ரீ (ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனியாகக் காசு கட்ட வேண்டாத இசை) என்றால் உரிமையாளரே இல்லை என்று அர்த்தமில்லை, நிபந்தனைகளைப் படியுங்கள்.

பதில் 2:
காரணம் கேட்கும் இடத்தில் லைசென்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நியாயமான பயன்பாடு (அனுமதி இல்லாமலே பயன்படுத்தச் சட்டம் தரும் விலக்கு) என்று போட்டுக் குழப்ப வேண்டாம். நாலு வரி போதும்: டிராக்கின் பெயர், இசையமைப்பாளர், வாங்கிய தளம், தேதி, லைசென்ஸ் எண். அப்புறம், உங்கள் பாட்டிலும் இதே ஸ்டாக் டிராக் இந்த நொடியிலிருந்து இந்த நொடிவரை இருக்கிறது என்று நேரத்தோடு ஒரு வரி. கோபத்தைக் கொட்டாதீர்கள், எழுதுவது நேராக எதிராளிக்குத்தான் போகும். கார்டு விவரம், வீட்டு முகவரி எதுவும் வேண்டாம்.

கேட்டவர்:
அன்றே போட்டுவிட்டேன். 19 நாள் கழித்து இன்று விடுவித்துவிட்டார்கள், நிறுத்திவைத்த பணமும் எனக்கே. மன்னிப்பு, விளக்கம் ஒன்றும் இல்லை, போகட்டும். ஆனால் அதே டிராக் இன்னும் 6 வீடியோவில் இருக்கிறது. இரண்டாவதற்கு இப்போதே கிளெய்ம் வந்தாயிற்று. ஒவ்வொன்றுக்கும் தனியாகவா?

பதில் 2:
ஆமாம், தனித்தனியாகத்தான். அந்த நாலு வரியைச் சேமித்துவைத்து நேரத்தை மட்டும் மாற்றிப் போடுங்கள். கூடவே, அந்தக் கிட்டார் பகுதியை அவர்களின் ரெஃபரன்ஸிலிருந்து (கன்டென்ட் ஐடி ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் கொடுத்த ஒலியிலிருந்து) விலக்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள், அவர்களால் முடியும். ஸ்டாக் தளத்துக்கும் இசையமைப்பாளருக்கும் தெரியப்படுத்துங்கள், அவர்கள் கேட்டால் சீக்கிரம் நடக்கும்.