தம்பி டாக்டர்ட்ட வரமாட்டேங்கான், வழி சொல்லுங்க

மார்த்தாண்டம் பக்கம். எனக்க சித்தி மவன், 24 வயசு, லோன் ஆப்புல மாட்டி ரெண்டு மாசமா உறக்கமே இல்ல, போன வாரம் ராத்திரி "நான் இல்லேன்னா எல்லாருக்கும் நிம்மதி"ன்னு மெசேஜ் போட்டான், விடிஞ்சதும் உசுரா வச்சிருந்த பைக்கு சாவிய எனக்க கையில தந்து நீயே வச்சுக்கங்கான். சாவணும்னு தோணுதாலேன்னு நேராவே கேட்டேன், ஆமான்னான். (கேட்டா தூண்டிவிட்ட மாதிரி ஆவும்னு சித்தி ஏசுனாவ, அது அப்படி இல்ல.) அன்னைலேந்து தனியா விடல்ல, ராத்திரியும் கூடத்தான் படுக்கேன். 14416 டெலிமானஸ்ல (மனநலத்துக்குள்ள கவர்மென்ட் ஹெல்ப்லைன்) நான் பேசுனேன், தமிழ்லயே பொறுமையா கேட்டாவ, அவன்ட்ட போன குடுத்தா கட் பண்ணுதான். ஜெபத்துக்கு வந்தான், ஆசாரிபள்ளம் பெரியாஸ்பத்திரின்னா மட்டும் "எனக்கென்ன கிறுக்கா"ங்கான். இப்படி அடம்பிடிச்ச ஆள சம்மதிக்க வச்சவிய, முதல்ல என்ன சொல்லி கூட்டிட்டு போனிய?