கூகுள் டிரைவ் இருக்கும்போது ஹார்டு டிஸ்க் எதுக்கு?

காட்பாடி கணக்கர்:
வணக்கம். காட்பாடியில நாலு பேர் வேலை பார்க்கற வரிக் கணக்கு ஆபீஸ் எங்களோடது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்து தோல் யூனிட்டுங்க, குடியாத்தம் லுங்கி வியாபாரிங்க கணக்கெல்லாம் எங்ககிட்டதான் இருக்கு. மொத்தம் 60 ஜிபி வரும். டேலி (கணக்கு எழுதற சாஃப்ட்வேர்) டேட்டா ஃபோல்டரையே கூகுள் டிரைவோட சிங்க் போட்டாச்சு, இங்க மாத்தினா அங்கயும் தானா மாறும். "இனிமே வாராவாரம் டிஸ்க்ல காப்பி எடுக்கற வேலையே வேணாம், நிறுத்திடலாம்"னு பார்ட்னர் சொல்றார். எனக்கு மனசு ஒப்பல. யார் சொல்றது சரி?

சத்துவாச்சாரி சர்வர்:
உங்க பார்ட்னர் சொல்றதுதான் சரி சார். அந்த டிஸ்க் எங்க இருக்கு? அதே ரூம் பீரோவுல. திருடு போனா கம்ப்யூட்டரோட டிஸ்க்கும் போகும், தீப்பிடிச்சா ரெண்டும் சேர்ந்து போகும். 2021 நவம்பர்ல பாலாத்துல வந்த வெள்ளத்த நாம எல்லாருமே பார்த்தோம். அதவிடப் பெரிய ஆபத்து, காப்பியே எடுக்காம விடறது. ரிட்டர்ன் நெருக்கடியில டிஸ்க்க யார் ஞாபகம் வெச்சு சொருகுவாங்க? கிளவுட் தானா நடக்கும். அமேசானோட கிளவுட் ஸ்டோரேஜ் எஸ்3-ல வெச்ச டேட்டா 99.999999999 சதவீதம் நிலைச்சிருக்கற மாதிரி வடிவமைச்சிருக்காங்க. பீரோவுல கிடக்கற ஒத்த டிஸ்க்குக்கு யாரால அப்படிச் சொல்ல முடியும்?

ஆம்பூர் சிஸ்டம் பாய்:
தம்பி, நீங்க சொன்ன எஸ்3 வேற, கணக்கர் சார் போட்டிருக்கற சிங்க் வேற. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீங்க. சிங்க்ல இங்க ஒரு ஃபைல அழிச்சா அங்கயும் அழியும். டிரைவோட குப்பைத்தொட்டியில 30 நாள் இருக்கும், அப்புறம் கிடையாது. ரான்சம்வேர், அதாவது ஃபைலப் பூட்டிட்டுப் பணம் கேட்கற வைரஸ், உள்ள வந்து பூட்டினா, பூட்டின ஃபைல்தான் மேல ஏறும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் புத்தகங்கள வருடாந்தர ரிட்டர்னோட கெடு தேதியில இருந்து 72 மாசம் வெச்சிருக்கணும். 72 மாசத்துக்கும் 30 நாளுக்கும் என்ன சம்பந்தம்?

சத்துவாச்சாரி சர்வர்:
பாய், டிரைவ் பழைய பதிப்புகளயும் வெச்சிருக்கு. 30 நாள், இல்லன்னா 100 பதிப்பு. பூட்டின ஃபைலுக்கு முந்தின பதிப்ப எடுத்துட்டா முடிஞ்சுது.

ஆம்பூர் சிஸ்டம் பாய்:
வேர்டு ஃபைலா இருந்தா முடியும். டேலி டேட்டா ஃபோல்டர ஒரு தடவ திறந்து பாருங்க. ஒரு கம்பெனிக்கு ஒரு எண் போட்ட ஃபோல்டர், அதுக்குள்ள நிறைய ஃபைலுங்க வரிசையா நிக்கும். அதுங்க எல்லாம் ஒரே நேரத்து நிலைமையில இருந்தாத்தான் கம்பெனி ஒழுங்கா திறக்கும். ஒரு ஃபைல் காலைல பத்து மணிப் பதிப்பு, இன்னொண்ணு சாயந்திரப் பதிப்புன்னு கலந்துட்டா கணக்கு கந்தல்தான். இப்படி ஒவ்வொரு ஃபைலா, ஒவ்வொரு கம்பெனியா முந்தின பதிப்பத் தேடி எடுத்துகினு இருந்தா 20-ம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் என்னாகறது? இன்னொரு விஷயம், ஆள் உட்கார்ந்து வவுச்சர் (கணக்குப் பதிவு) போட்டுகினு இருக்கும்போதே சிங்க்கும் ஓடுது. பாதி எழுதின நிலைமையிலயே மேல ஏறலாம்.

சார், டேலிபிரைம்ல ஆல்ட்+ஒய் அழுத்தினா பேக்கப் வரும். எல்லாரும் வெளிய வந்த பிறகு, சாயந்திரம் அத எடுங்க. அது முழுசா ஒரே நேரத்து நிலைமை. அந்த ஃபைலுக்குத் தேதி போட்டு மேல ஏத்துங்க. ஓடற ஃபோல்டர சிங்க்ல இருந்து இன்னிக்கே எடுத்துடுங்க.

தோட்டப்பாளையம் லேப்:
நான் ரத்தப் பரிசோதனை லேப் நடத்தறேன். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற வெளியூர் நோயாளிங்க எங்ககிட்டயும் டெஸ்ட் எடுப்பாங்க, வங்காளத்துல இருந்தெல்லாம் வர்றாங்க. அவங்க ரிப்போர்ட்ட நான் பத்திரமா வெக்கணும்கறது கடமை. அதனால டிஸ்க்ல காப்பி எடுக்கறதுலயும் எனக்கு ஒரு பயம் இருக்கு. டிஸ்க்க ஹேண்ட்பேக்ல போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்களே, பஸ்ல தொலைஞ்சா? 2023-ல வந்த தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டத்துல, பாதுகாப்பு ஏற்பாடு சரியில்லாம டேட்டா வெளிய போச்சுன்னா 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதத்துக்கு இடம் இருக்கு. பூட்டாத டிஸ்க் ஊர் சுத்தறத என்னால ஏத்துக்க முடியாது.

ஆம்பூர் சிஸ்டம் பாய்:
மேடம் சொல்றது நியாயம். டிஸ்க்க விண்டோஸ்ல இருக்கற பிட்லாக்கர் போட்டு என்கிரிப்ட் பண்ணி, அதாவது கீ இல்லாம படிக்க முடியாதபடி பூட்டிதான் வெளிய எடுக்கணும். அதோட ரெக்கவரி கீய பேப்பர்ல எழுதி, டிஸ்க் இல்லாத வேற இடத்துல வெக்கணும். கீ தொலைஞ்சா டிஸ்க் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஆனா கிளவுட் கம்பெனியே கைவிடாதுன்னு நம்பாதீங்க. 2024 மே மாசம் ஆஸ்திரேலியாவுல யூனிசூப்பர்னு ஒரு ஓய்வூதிய நிதி, 6 லட்சத்துக்கு மேல உறுப்பினர்கள். கூகுள் கிளவுட்ல நடந்த ஒரு அமைப்புத் தப்பால அவங்க வெச்சிருந்த கிளவுட் அமைப்பே அழிஞ்சுது. ரெண்டு இடத்துல நகல் வெச்சிருந்தாங்க, ரெண்டுமே போச்சு. வேற கம்பெனிகிட்ட தனியா வெச்சிருந்த பேக்கப்பும் கைகொடுத்துதான் திரும்ப எழுந்தாங்க. 2025 செப்டம்பர்ல தென்கொரியாவுல தேஜான் நகர அரசு டேட்டா சென்டர் எரிஞ்சப்ப, அரசு ஊழியருங்க சேமிச்சு வெச்சிருந்த 858 டெராபைட் போச்சு. வெளிய நகல் இல்ல.

சத்துவாச்சாரி சர்வர்:
பாய், உங்க உதாரணமே என் பக்கம்தான் பேசுது. யூனிசூப்பர காப்பாத்தினது பீரோ டிஸ்க் இல்ல, இன்னொரு கம்பெனிகிட்ட இருந்த பேக்கப். அதனால இப்படிச் சொல்றேன்: டிரைவ் இருக்கட்டும், கூடவே வேற கிளவுட்ல ஒரு ஸ்டோரேஜ் எடுத்து ஆப்ஜெக்ட் லாக் (ஃபைல அழிக்க விடாத பூட்டு) போடுங்க. கம்ப்ளையன்ஸ் மோட்ல பூட்டினா நீங்க குறிச்ச நாள் முடியறவரைக்கும் அட்மின் கணக்காலயும் அழிக்க முடியாது. வைரஸ் வந்தாலும் பழைய காப்பி நிக்கும். 60 ஜிபிக்கு மாசம் சில நூறு ரூபாய்தான் ஆகும். 20 எம்பிபிஎஸ் அப்லோடுல முதல் தடவ ஏத்த ஏழு மணி நேரத்துக்குள்ள முடியும், ராத்திரி விட்டா காலைல ரெடி. அந்த டிஸ்க்க மட்டும் விட்டுடுங்க. அத நினைச்சு நினைச்சு சொருகறது மனுஷன், மனுஷன் மறப்பான்.

ஆம்பூர் சிஸ்டம் பாய்:
அந்த ரெண்டாவது கணக்கு யாரோட மெயில்ல திறப்பீங்க? எங்க ஊர்ப் பக்கம் பாதி யூனிட்டுல எல்லாம் ஒரே ஜிமெயில், ஒரே பாஸ்வேர்டு. ஓடிபி போறது எப்பவோ வேலைய விட்டுப் போன பையனோட நம்பருக்கு. 2014-ல கோட் ஸ்பேசஸ்னு சாஃப்ட்வேர் கோட சேமிச்சு வெச்சுத் தர்ற ஒரு கம்பெனி, அமேசான் கன்ட்ரோல் பேனல் திருடன் கைக்குப் போச்சு. டேட்டாவோட பேக்கப்பையும் சேர்த்து அழிச்சான். கம்பெனியே மூடிட்டாங்க. ஒரு சாவிக்கு எல்லாக் கதவும் திறந்தா எத்தனை கிளவுட் இருந்து என்ன? கழட்டி வெச்ச டிஸ்க்குக்கு பாஸ்வேர்டு திருடினவன் வர முடியாது. நான் அதுக்காகத்தான் பிடிவாதமா நிக்கறேன்.

காட்பாடி கணக்கர்:
எல்லாருக்கும் நன்றி. பேச்சு இப்படிப் போனதால நேத்து ராத்திரி ஒரு சோதனை பண்ணிப் பார்த்தேன். ஆபீஸோட சம்பந்தமில்லாத ஒரு பழைய லேப்டாப்ல டேலி போட்டு, டிரைவ்ல இருந்ததையே இறக்கித் திறந்தேன். பெரிய கம்பெனிங்க எல்லாம் நல்லாவே திறந்துச்சு, ட்ரையல் பேலன்ஸ் (மொத்தக் கணக்கோட இருப்புப் பட்டியல்) ஆபீஸோட பொருந்துது. ஒரு லுங்கி கடைக் கணக்குல மட்டும் 4-ம் தேதியோட வவுச்சர் நின்னுபோச்சு. அதுக்கப்புறம் போட்டது ஒண்ணுகூட இல்ல. காலைல போய்ப் பார்த்தா, அந்தக் கணக்கு இருக்கற கம்ப்யூட்டர்ல டிரைவ் லாகவுட் ஆகியிருக்கு. யார் கண்ணுலயும் படல. பார்ட்னர்கிட்ட காட்டினேன், ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

சத்துவாச்சாரி சர்வர்:
அப்ப தினமும் சாயந்திரம் பேக்கப் ஏறுச்சா இல்லையான்னு ஒரு மெயில் வர்ற மாதிரி வைங்க சார். மெயில் வரலன்னாலும் அதையும் ஒருத்தர் கேட்கணும். சாஃப்ட்வேர் கோட சேமிச்சு வெக்கற ஜிட்லேப் கம்பெனிக்கு 2017 ஜனவரி 31 அன்னிக்கு டேட்டா அழிஞ்சப்ப இதேதான் தெரிய வந்துச்சு. பேக்கப் ஓடல, அதச் சொல்ல வேண்டிய மெயிலும் போய்ச் சேரல. கடைசியில தற்செயலா எடுத்து வெச்சிருந்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து டேட்டாவோட நகல்தான் காப்பாத்துச்சு. ஆறு மணி நேர டேட்டா போச்சு. இருந்தாலும் டிஸ்க் விஷயத்துல நான் பாய் பக்கம் வரல. ரெண்டாவது கிளவுட், தனி மெயில், தனி பாஸ்வேர்டு, ஓடிபி ஓனர் நம்பருக்கு. இது போதும்.

ஆம்பூர் சிஸ்டம் பாய்:
தம்பி சொன்ன மெயில் ஏற்பாடு நல்லது, நானும் எங்க யூனிட்டுல போடறேன். கணக்கர் சார், நீங்க ரெண்டு டிஸ்க் வாங்குங்க. ஒண்ணு ஆபீஸ்ல, ஒண்ணு உங்க வீட்டுல, வாராவாரம் மாத்திக்கங்க. காப்பி எடுத்த உடனே கேபிள கழட்டிடணும், சொருகியே விட்டா வைரஸ் அதையும் பூட்டிடும். மாசத்துல ஒரு நாள், நேத்து செஞ்ச மாதிரியே பழைய லேப்டாப்ல திறந்து பாருங்க. ஒவ்வொரு தடவையும் வேற கம்பெனி, அடுத்து அந்த லுங்கி கடைதான்.

காட்பாடி கணக்கர்:
டிஸ்க்கும் வாங்கறேன், சர்வர் தம்பி சொன்ன ரெண்டாவது கிளவுடும் எடுக்கறோம். அந்தக் கணக்கோட பாஸ்வேர்டு எங்கிட்ட, ஓடிபி பார்ட்னர் நம்பருக்கு. ஆள் ஒருத்தர் இல்லாதப்ப என்ன பண்றதுன்னு இன்னும் பேசி முடிவு பண்ணல.