திறமூலமா, வாங்குவதா, எழுதச் சொல்வதா: மென்பொருள் தேர்வில் உறுப்பினர்கள் கண்டவை

கேள்வி கேட்டவர்:

எங்கள் நிறுவனத்தில் கணக்கு, சரக்கிருப்பு, கொள்முதல் மூன்றும் தனித்தனி எக்ஸெல் கோப்புகளில் கிடக்கின்றன. அவற்றை ஒரே அமைப்புக்குள் கொண்டுவருவது என்று முடிவாகிவிட்டது. எதைக் கொண்டு என்பதில்தான் இழுபறி. இயக்குநர்களில் ஒருவர், யாரும் நிரலை எடுத்துப் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருள் இலவசம்தானே என்கிறார். இன்னொருவர், பெயர்பெற்ற வணிக மென்பொருளை வாங்கிவிட்டால் தலைவலி இல்லை என்கிறார். உற்பத்திப் பிரிவோ, தங்கள் வேலைமுறைக்கு எதுவும் ஒத்துவராது, நமக்கென்றே எழுதச் சொல்ல வேண்டும் என்று நிற்கிறது. விற்பனையாளர்களின் விளக்கங்களை வேண்டிய அளவு கேட்டாகிவிட்டது. நிறுவிச் சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்தவர்கள் தாங்கள் கண்டதைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கணினிப் பிரிவு நிர்வாகி:

நாங்கள் திறமூல இஆர்பி (கணக்கு, இருப்பு, கொள்முதல் எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள்) ஒன்றைப் பயன்படுத்துகிறோம். இப்போதும் அதில்தான் இருக்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போவதைப் படித்தால் அப்படித் தோன்றாது.

உரிமக் கட்டணம் இல்லை என்பது உண்மை. நிறுவுதல், பழைய தரவை ஏற்றுதல், பயிற்சி, காப்புநகல், பாதுகாப்புத் திருத்தங்கள் ஆகிய அனைத்தும் நம் தலையில் விழும் என்பதும் உண்மை. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே (Log4j) என்ற, பல மென்பொருள்கள் தமக்குள் சேர்த்துக்கொள்ளும் நிரல் நூலகத்தின் பாதுகாப்புக் குறைபாடு வெளிவந்தபோது, எங்களிடம் ஓடிய எந்தெந்தக் கருவிக்குள் அந்த நூலகம் பொதிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. பல வணிக மென்பொருள்களுக்குள்ளும் அது இருந்தது என்பது வேறு விஷயம். அங்கே தேடித் திருத்துவது விற்றவரின் வேலை.

ஆனால் செலவு உண்மையில் ஏறுவது மாற்றங்களில்தான். இன்வாய்ஸில் வரித்தொகையை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே முழு ரூபாயாக்கிக் கூட்டுவதா, மொத்தத்தில் ஒருமுறை முழு ரூபாயாக்குவதா என்ற ஒரு சிறு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் முதல் வழியில் கணக்கிட்டது. எங்கள் வாடிக்கையாளர்கள் இரண்டாவது வழியில் சரிபார்த்தார்கள். பொருள்கள் மிகுந்த இன்வாய்ஸில் சில்லறை வேறுபாடு வந்து, பணம் நின்றது. மூல நிரல் கையில் இருந்ததால், நிரலாளர் மையக் கோப்பிலேயே கை வைத்து அன்று மாலையே சரிசெய்தார், எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்த பெரிய பதிப்புக்கு மாறியபோது அந்தக் கோப்பே வேறு வடிவம் பெற்றிருந்ததால் திருத்தம் அழிந்துபோனது. பாதி அனுப்பி மீதி நிலுவையில் இருந்த ஆர்டர்களுக்கு, ஒப்புக்கொண்ட தொகை ஒன்றாகவும் இன்வாய்ஸ் தொகை வேறாகவும் வந்தன. அதன் பிறகு எந்த மாற்றமும் தனி மாட்யூலாகவே எழுதப்படுகிறது. அப்படியும், ஒவ்வொரு மாட்யூலையும் பதிப்பு மாறும்போதெல்லாம் மீண்டும் சோதிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, இலவசம் என்று சொல்லும் இயக்குநரிடம், எத்தனை மாற்றங்களுடன் என்று கேளுங்கள்.

உரிமத்தைப் பற்றியும் ஒரு சொல். ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் உள்ள மென்பொருளை உங்கள் நிறுவனத்துக்குள் மாற்றிப் பயன்படுத்தினால், மாற்றங்களை வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. பிறருக்கு அதை வழங்கும்போதுதான் கடமை எழுகிறது. ஏஜிபிஎல் என்ற உரிமம் அப்படியல்ல: மாற்றிய மென்பொருளை வலைவழியே வெளியார் பயன்படுத்தினாலே அவர்களுக்கு மூல நிரல் கிடைக்க வழிசெய்ய வேண்டும். மேலும், ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும் திட்டம் உரிமத்தை மாற்றவும் கூடும். எலாஸ்டிக்சர்ச் 2021இலும், டெராஃபார்ம் 2023இலும், ரெடிஸ் 2024இலும் அவ்வாறு மாற்றின. ஓப்பன்சர்ச், ஓப்பன்டோஃபு, வால்கீ என்ற கிளைகள், அதாவது பழைய நிரலை எடுத்துப் பிறர் தனியே தொடரும் திட்டங்கள், அதன் விளைவாகப் பிறந்தவை. பழைய பதிப்புகள் பழைய உரிமத்திலேயே தொடர்ந்ததால்தான் அந்தக் கிளைகள் சாத்தியமாயின. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் போல எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமாகாத திட்டமாக இருந்தால் எனக்கு நிம்மதி கூடுதல்.

நிதிப் பிரிவுத் தலைவர்:

நாங்கள் சந்தா முறையில் ஒரு வணிக மென்பொருளைப் பயன்படுத்தினோம். இப்போது வேறொரு வணிக மென்பொருளில் இருக்கிறோம். சம்பளப் பட்டியலையும் வரிக் கணக்கையும் வாங்கித்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விதி மாறும் ஒவ்வொரு முறையும் அதைப் படித்து, நிரலாக்கி, உரிய நாளுக்குள் தருவதற்கு அங்கே ஒரு குழு இருக்கிறது. அதை நாமே செய்ய முனைவது வீண்.

சிக்கல் வெளியேறும்போது வந்தது. தரவு எப்போதும் உங்களுடையது என்று ஒப்பந்தம் சொன்னது. கேட்டபோது வந்தவை வாடிக்கையாளர் பட்டியல், இறுதி நிலுவைத் தொகைகள், மற்றவற்றுக்கெல்லாம் பிடிஎஃப் அறிக்கைகள். இன்வாய்ஸுடன் சேர்த்திருந்த ஆவணங்கள் வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புகளாக வந்தன. எது எந்த இன்வாய்ஸுக்கு உரியது என்ற இணைப்பு அதில் இல்லை. தரவு எங்களுடையது என்பது பொய்யில்லை, பயன்படுத்த முடியாத வடிவில் எங்களுடையது.

விற்பவரின் திட்டமும் மாறும். ஒரே சர்வரில் பல கணினிகளை ஓட்டும் மென்பொருளை விற்கும் விஎம்வேரை பிராட்காம் நிறுவனம் 2023இல் வாங்கிய கையோடு நிரந்தர உரிம விற்பனை நிறுத்தப்பட்டு, சந்தா மட்டுமே என்றானது பலருக்கும் நினைவிருக்கும்.

தகட்டு வேலைப் பட்டறையின் மேலாளர்:

உங்கள் உற்பத்திப் பிரிவை எளிதில் தள்ளிவிடாதீர்கள். எங்களுக்கு மீதித்துண்டுதான் பிரச்சினை. ஒரு தகட்டை வெட்டிய பிறகு எஞ்சும் துண்டுகள் மீண்டும் இருப்புக்கு வரும். நாங்கள் பார்த்த சரக்கிருப்பு மாட்யூல்கள் எல்லாம் எண்ணிக்கையாகவோ எடையாகவோ பரப்பளவாகவோ கணக்கு வைத்தன. திரையில் இரண்டு சதுர மீட்டர் இருப்பு என்று காட்டும். கிடங்கில் போய்ப் பார்த்தால் எதற்கும் பொருந்தாத ஒல்லிப் பட்டைகளாகக் கிடக்கும். நீளம், அகலம், வெட்டுமுனை ஆகியவற்றோடு துண்டைப் பதிவுசெய்யும் பகுதியை மட்டும் தனியாக எழுதச் சொன்னோம். கணக்கை அதில் சேர்க்கவே இல்லை; வாங்கிய மென்பொருளுக்கு அந்தப் பகுதி இருப்புத் தகவலை மட்டும் அனுப்புகிறது.

எழுதச் சொல்வதானால், ஒப்பந்தத்தில் பதிப்புரிமையைக் கவனியுங்கள். எழுத்துமூலம் மாற்றித் தரப்படாவிட்டால், நிரலின் உரிமை அதை எழுதிய ஒப்பந்தக்காரரிடமே இருக்கும் என்பதுதான் பல நாடுகளின் சட்டம். மூல நிரல் ஒவ்வொரு வாரமும் உங்கள் சர்வருக்கு வந்துசேர வேண்டும் என்பதையும், அதிலிருந்து உங்கள் ஆள் ஒருவரே மென்பொருளைக் கட்டமைத்து ஓட்டிக் காட்டிய பிறகுதான் இறுதித் தவணை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. உற்பத்திப் பிரிவிடம், வேறு எவருக்கும் இல்லாத விதிகள் எவை என்று எழுதித் தரக் கேட்டிருக்கிறேன். நிதிப் பிரிவு நண்பருக்கு ஒரு கேள்வி: வெளியேறும் வழியை வாங்குவதற்கு முன்பே சோதிக்க முடியுமா?

நிதிப் பிரிவுத் தலைவர்:

முடியும், இம்முறை அப்படித்தான் செய்தோம். சோதனைக் கணக்கில் ஓர் இன்வாய்ஸைப் போட்டு, அதற்குப் பகுதிப் பணம் வரவு வையுங்கள்; ஒரு பொருளைத் திருப்பி எடுத்து, ஓர் ஆவணத்தையும் இணையுங்கள். பிறகு முழுத் தரவையும் சிஎஸ்வியாக (எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பாக) கேட்டு, உங்கள் கணினிப் பிரிவிடம் வேறொரு தரவுத்தளத்தில் ஏற்றச் சொல்லுங்கள். நிலுவை அதே தொகையாக வருகிறதா, ஆவணம் அந்த இன்வாய்ஸோடு ஒட்டியிருக்கிறதா, யார் எப்போது திருத்தினார் என்ற வரலாறு வருகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு விலை சொன்னவர்களில் ஒருவர் இந்தச் சோதனையைக் கேட்டதும் பேச்சையே நிறுத்திக்கொண்டார்.