ஆட்டு ஈரல் ஸ்லைட் முழுக்க பிரவுணா வருது, பீடிஐ அன்டிபொடி பழுதோ?

இரணைமடுத்தண்ணி:
அண்ணாமார் அக்காமார் ஒரு உதவி. கிளிநொச்சியில சின்ன லாப் ஒண்டில ப்ரொஜெக்ட் செய்யுறன், புரதத்தை மடிக்கிற பீடிஐ என்சைம் ஆட்டு ஈரல்ல எங்க இருக்கெண்டு பாக்கோணும். முயல்ல எடுத்த பொலிகுளோனல் அன்டிபொடி (பீடிஐயைத் தேடி ஒட்டுற, பல வகை கலந்த எதிர்ப்புரதம்), 1:200, சிட்ரேட் பஃபர் பிஎச் 6ல 20 நிமிசம் சூடாக்கி, பிறகு அவிடின்-பயோட்டின் கிட் (ஒண்டோடொண்டு இறுக்கி ஒட்டுற சோடி, அன்டிபொடி இருக்கிற இடத்தைக் காட்ட), கடைசியா பிரவுண் கலர் தாற டிஏபி. 3 தரம் செய்திட்டன், 3 தரமும் நியூக்கிளியஸோட சேத்து முழுக்க தேத்தண்ணிக் கலர். டேட்டாஷீட்டில மனிசன், எலி மட்டுந்தான் போட்டுக்கிடக்கு, போதாக்குறைக்கு பிரிட்ஜில இருக்கேக்க இரவு கரண்டும் போனது, அன்டிபொடி பழுதாப்போச்சோ? இன்னொண்டு வாங்க காசில்லை.

முறிகண்டிக்கச்சான்:
பொலிகுளோனல் எண்டா இதுதான், முயலுக்கு முயல் குணம் வேற, லொட் மாறினா எல்லாம் மாறும். ஒரே வகையா இருக்கிற மொனோகுளோனல் வாங்குங்கோ.

பாலைமரம்:
காசில்லை எண்டெல்லோ தம்பி சொல்லுறார். பழுதான அன்டிபொடி அனேகமா கலர் தராமத்தான் விடும், இப்பிடி அப்புறது குறைவு. பிரைமரி, அதான் பீடிஐயில ஒட்டுற முதல் அன்டிபொடி, அது போடாம ஒரு ஸ்லைட் வச்சனீரோ?

இரணைமடுத்தண்ணி:
தம்பி இல்லை, தங்கச்சி 🙂 வைக்கேல்ல அண்ணா.

பாலைமரம்:
மன்னிக்கோணும் தங்கச்சி. அப்ப பிரைமரியும், அதில ஒட்டுற ரெண்டாவது அன்டிபொடியும் போடாம 2 ஸ்லைட் வையும். ஒண்டுக்கு டிஏபி மட்டும், மற்றதுக்கு கிட்டும் டிஏபியும். முதலாவது பிரவுண் எண்டா ஈரல்ல இருக்கிற பெரொக்சிடேஸ் (டிஏபியைப் பிரவுணாக்கிற என்சைம்), அதை அடக்கப் போடுற உம்மட ஹைட்ரஜன் பெரொக்சைட் பழசு. ரெண்டாவது மட்டும் எண்டா ஈரல்லயே இருக்கிற பயோட்டின் எண்ட விற்றமின்.

இரணைமடுத்தண்ணி:
ரெண்டாவதுதான் அண்ணா! முதலாவது சுத்தம்.

பாலைமரம்:
நினைச்சன். ஈரல்ல பயோட்டின் நிறைய, சூடாக்கினா இன்னும் வெளியில வரும், கிட்டில இருக்கிற அவிடின் போய் அதிலயே ஒட்டிக்கொள்ளும், அன்டிபொடியில ஒரு பிழையுமில்லை. அந்தப் பயோட்டினை மூடுற ப்ளொக்கிங் கிட் ஓடர் பண்ணினா வர கிழமைக்கணக்காகும், கடையில 2 முட்டை வாங்கும், பகிடி இல்லை, முட்டை வெள்ளைக்கருவில அவிடின் இருக்கு. 2 வெள்ளைக்கருவை 200 மி.லீ. டிஸ்டில்ட் வோட்டர்ல அடிச்சு 15 நிமிசம் வையும், கழுவும், பிறகு கொழுப்பில்லாத பால்மா 5% கரைச்சு அதில 15 நிமிசம், திரும்ப நல்லாக் கழுவும். பால்ல பயோட்டின் இருக்கு, மிச்ச அவிடினை அது அடைக்கும். ஆனா அன்டிபொடியைப் பால்ல கரைச்சுப் போடாதையும்.

முறிகண்டிக்கச்சான்:
கோழி முட்டையால ஆட்டு ஈரலைக் காப்பாத்துறியள், நடக்கட்டும் 😂

இரணைமடுத்தண்ணி:
வந்திட்டுது!! நியூக்கிளியஸ் நீலம், சுத்திவர சைட்டோபிளாசத்தில பொடிப்பொடியா பிரவுண், கிட் மட்டும் போட்ட ஸ்லைட்டும் வெளிர்.

பாலைமரம்:
அப்பிடித்தான் இருக்கோணும், பீடிஐ இஆருக்குள்ள, அதான் கலத்தில புரதம் மடிக்கிற வலைக்குள்ள, இருக்கிறது. இரத்தத்தில இருக்கிற அல்புமின் புரதம் ஒண்டில மட்டும் 17 டைசல்பைட் பொண்ட் (கந்தகப் பிணைப்பு), அல்புமினைச் செய்யுறது ஈரல், அப்ப அந்தப் பொண்ட் போடுற வேலைக்காரரான பீடிஐயும் அங்கதான் நிறைய.

இரணைமடுத்தண்ணி:
ஓரம் மட்டும் இன்னும் கருக்குது அண்ணா, ஃபான் காத்தோ?

பாலைமரம்:
ஓம், காயுது. மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள ஈரத்துணி விரிச்சு வையும். ரூம் டெம்பரேச்சர் எண்டு எழுதினவன் கிளிநொச்சி மத்தியான வெயிலைக் கண்டிருக்க மாட்டான்.