ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்றவர்: யோன் டால் தொமாசன், ஆட்டம் ஆட்டமாக

டென்மார்க் கால்பந்து ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளரானவர் தொமாசன். அவரைப் பற்றி ரசிகர்கள் எழுதிய பதிவுகள் இவை, ஒவ்வொன்றின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.

ஒன்பதரை
டென்மார்க்குக்கு 112 ஆட்டம், 52 கோல். 1910 முதல் 1925 வரை ஆடிய போல் நீல்சனும் அதே 52 தான். அவருக்கு அதற்கு 38 ஆட்டமே போதுமானதாக இருந்தது. இந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு தொமாசனை அசல் சென்டர் ஃபார்வர்ட் (எல்லோருக்கும் முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கர்) என்று எழுதுகிறார்கள். அவர் அப்படி இல்லை. முன்னால் ஒருவர் நின்று எதிரணியின் சென்டர் பேக் (நடுப் பின்வரிசைக் காவலர்) இருவரையும் கட்டிப்போட்டால், பின்னாலிருந்து தாமதமாகப் பெட்டிக்குள் (கோலுக்கு முன்னுள்ள பெனால்டி கட்டம்) நுழைபவர். பெரிய வேகம் கிடையாது, ட்ரிப்ளிங்கும் சுமார்தான். பந்து எங்கே விழும் என்பது மட்டும் அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

2002 உலகக் கோப்பையில் அப்போதைய டென்மார்க் பயிற்சியாளர் மார்ட்டென் ஓல்சன் அவரை வைத்த இடம் அதுதான். எப்பே சாண்ட் முன்னால், அவருக்குப் பின்னால் தொமாசன், வலது ஓரத்தில் ரொம்மெடால். உருகுவேக்கு எதிராக 45, 83-ஆவது நிமிடங்களில் இரண்டு கோல், செனகலுக்கு எதிராக பெனால்டியில் ஒன்று, பிரான்சை 2-0 என வீட்டுக்கு அனுப்பிய ஆட்டத்தில் ஒன்று. லீக் சுற்றில் மட்டும் நான்கு. சாண்ட் கோலே போடவில்லை. ஆனால் அவரை எடுத்துவிட்டால் தொமாசனுக்கு அந்த இடைவெளி கிடைத்திருக்காது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆட்டத்தை ஆளுக்கொன்று எடுத்து அலசுங்கள்.

வடகிழக்கு
அந்த இடத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து கிளப் நியூகாசிலின் 1997-98 சீசன். நெதர்லாந்தின் ஹீரன்வேனில் பயிற்சியாளர் ஃபோப்பே டி ஹான் வளர்த்த 20 வயதுப் பையனை, ஸ்ட்ரைக்கர் ஷீரருக்குப் பின்னால் ஆடத்தான் நியூகாசில் பயிற்சியாளர் டால்கிளிஷ் வாங்கினார். சீசன் தொடங்கும் முன்பே கூடிசன் பார்க்கில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஷீரரின் கணுக்கால் போயிற்று. இன்னொரு ஸ்ட்ரைக்கர் லெஸ் ஃபெர்டினாண்ட் அதே நேரத்தில் டாட்டன்ஹாமுக்கு விற்கப்பட்டுவிட்டார். ஆக, தோள் பலம் இல்லாத பையன் பிரீமியர் லீக் சென்டர் பேக்குகளுக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டியதாயிற்று.

முதல் ஆட்டத்திலேயே ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கோல்கீப்பர் பிரஸ்மேனுடன் நேருக்கு நேர். தவறவிட்டார். அந்த ஒரு வாய்ப்பை வைத்தே இங்கிலாந்துப் பத்திரிகைகள் இன்றுவரை அவர் கதையைச் சொல்கின்றன, அது நியாயமில்லை. 23 லீக் ஆட்டத்தில் 3 கோல் என்பதற்குக் காரணம் அந்த உதை அல்ல. பந்து தரையில் வந்தால் அவர் பலசாலி. அந்த அணி நெருக்கடி வந்தால் நீண்ட பந்தாக உதைத்துவிடும், தலைக்கு மேல் வரும் பந்தைப் பிடித்து நிறுத்துவது அவர் வேலையே இல்லை.

டி கைப் மேல்தட்டு
அடுத்து ஆடிய நெதர்லாந்து கிளப் ஃபெயனூர்டில் 1999-லேயே லீக் பட்டம் வென்றுவிட்டார், ஆனால் முழுத் தொமாசனைப் பார்க்க 2002 மே 8 யூஃபா கோப்பை இறுதி ஆட்டம் போதும். எதிரணி டார்ட்மண்ட், மைதானம் ஃபெயனூர்டின் சொந்த டி கைப். பயிற்சியாளர் வான் மார்வைக்கின் அணியில் நெட்டை ஸ்ட்ரைக்கர் பியர் வான் ஹோய்டோங்க் முன்னால் நிற்க, தொமாசன் அவரைச் சுற்றி.

31-ஆவது நிமிடம். டார்ட்மண்ட் பின்வரிசை பந்தைக் கையாளும்போது தொமாசன் பாய்ந்து பறிக்கிறார், யூர்கன் கோலர் பெட்டிக்குள் அவரைச் சாய்க்கிறார். சிவப்பு அட்டை. கோலரின் கடைசி ஆட்டமே அதுதான், பாவம். பெனால்டியை ஹோய்டோங்க் போட்டார், ஃப்ரீகிக்கில் இன்னொன்றும் போட்டார். 47-இல் அமோரோசோ பெனால்டியில் ஒன்றைத் திருப்பினார். 50-இல் தொமாசன் மூன்றாவது. செக் ஸ்ட்ரைக்கர் யான் கோல்லர் தூரத்திலிருந்து இன்னொன்று அடித்து 3-2. தொமாசன் கோல் கணக்கில் ஒன்றுதான், ஆனால் ஆட்டத்தைத் திருப்பியது அந்தப் பறிப்பு. பின்னாளில் பயிற்சியாளராக அவர் பதினொரு பேரிடமும் கேட்டது அதையேதான்.

ரொசொனெரி
அடுத்து இத்தாலியின் மிலான். அங்கே முன்வரிசையில் இன்சாகி, ஷெவ்சென்கோ, ரிவால்டோ எல்லோரும் இருந்தார்கள், பெஞ்சுதான் கதி என்று எல்லோரும் சொன்னார்கள். ஓரளவு உண்மை. ஆனாலும் ஸ்குதெத்தோ (இத்தாலி லீக் பட்டம்) வென்ற 2003-04 சீசனில் லீக்கில் 12 கோல்.

பார்க்கவேண்டிய ஆட்டம் 2003 ஏப்ரல் 23, அயாக்ஸுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் கால் இறுதி. முதல் ஆட்டம் 0-0. சான் சீரோவில் 2-2. வெளியூர் கோல் விதிப்படி (மொத்தம் சமமானால் வெளியூரில் அதிக கோல் போட்ட அணி உள்ளே) அயாக்ஸ்தான் அரை இறுதிக்குள். 91-ஆவது நிமிடத்தில் நீண்ட பந்து, அம்ப்ரோசினி தலையால் தள்ள, இன்சாகி கீப்பருக்கு மேலே தூக்கிவிட்டார். பந்து தானாகவே உள்ளே போகும் என்றுதான் பலர் சொல்கிறார்கள். கோட்டருகே ஓடிவந்து தட்டியவர் தொமாசன், கோலும் அவர் பெயரில்தான். ஸ்கோர் 3-2, அந்த ஆண்டு கோப்பையும் மிலானுக்கு. 2005 இஸ்தான்புல் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தின் பெனால்டிகளில் மிலானுக்காகக் கோல் போட்டவர்கள் இரண்டே பேர், அவர்களில் ஒருவர் இவர். மற்றவர் ககா.

கறார்
ஒன்பதரை நண்பரே, ஒரு திருத்தம். 2004 யூரோவில் ஸ்வீடனுக்கு எதிரான 2-2 ஆட்டத்தைப் பாருங்கள். முதல் கோல் பெட்டிக்கு வெளியே தொலைவிலிருந்து அடித்தது. "தாமதமாகப் பெட்டிக்குள் நுழைபவர்" என்று மட்டும் சுருக்கிவிட முடியாது. அந்த டிராவினால் இரு அணியும் அடுத்த சுற்றுக்குள், இத்தாலி வெளியே. இத்தாலிக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

2010 உலகக் கோப்பையில் ஜப்பானுக்கு எதிரான 52-ஆவது கோலும் சுத்தமான பெனால்டி இல்லை. கோல்கீப்பர் கவாஷிமா தடுத்தார், திரும்பி வந்த பந்தைத் தொமாசன் தள்ளினார். டென்மார்க் 1-3 எனத் தோற்றது, தேசிய அணியில் அவருக்கு அதுவே கடைசி.

ஸ்கோனே
பயிற்சியாளர் பக்கம் வருகிறேன். நெதர்லாந்தின் எக்செல்சியரில் தொடங்கி, 2013 இறுதியில் அங்கேயே ரோடாவுக்குப் போனார், அந்த அணி கடைசி இடத்தோடு கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. பிறகு விட்டெஸ்ஸிலும், தலைமைப் பயிற்சியாளர் ஓகே ஹரைடேயின் கீழ் டென்மார்க் தேசிய அணியிலும் உதவிப் பயிற்சியாளர். 2020-இல் ஸ்வீடனின் மால்மோ. அங்கே அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டம், இரண்டாவது ஏ.ஐ.கே.யுடன் 59 புள்ளியில் சமமாகி, கோல் வித்தியாசத்தில்.

2021 ஆகஸ்ட் 10, சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்று, ஸ்காட்லாந்து கிளப் ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானம். முதல் ஆட்டத்தில் மால்மோ 2-1. இங்கே மொரேலோஸ் கோலால் ரேஞ்சர்ஸ் 1-0, இடைவேளைக்கு முன்பே மால்மோவின் போன்கே சிவப்பு அட்டை. முந்தைய சீசன் விதி என்றால் அந்த நிலையில் மால்மோ வெளியே. வெளியூர் கோல் விதி அந்தச் சீசனில்தான் நீக்கப்பட்டது, அதனால் மொத்தம் 2-2 என்றே கணக்கு. பத்துப் பேரோடு சுவர் கட்டி எக்ஸ்ட்ரா டைம் வரை இழுப்பார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். இவர் முன்வரிசையைக் கழற்றவில்லை. 53, 57-இல் சோலாக் இரண்டு கோல்.

இதே துணிச்சல் சாம்பியன்ஸ் லீக் குழுவில் அடி வாங்கியது. ஆறு ஆட்டம், ஒரு புள்ளி, போட்டது 1 கோல், வாங்கியது 14.

ஈவுட் பார்க்
அடுத்து அவர் பயிற்சியளித்த, இங்கிலாந்து இரண்டாம் பிரிவு அணியான பிளாக்பர்ன் 2022-23: புத்தாண்டு வரை லீக்கில் ஒரு டிராகூட இல்லை, வெற்றி அல்லது தோல்வி. ஆளுக்கு ஆள் பிரஸ்ஸிங்கின் குணம் அது. கணக்கு இப்படி: எதிரணியின் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒருவர் ஒட்டிக்கொண்டு மேலே ஏறவேண்டும், பின்வரிசையில் ஒன்றுக்கு ஒன்றுதான் மிஞ்சும், உபரி ஆள் இல்லை. பந்து பறிபட்டால் கோலுக்கு இருபது மீட்டரில் நீங்கள். ஒருவர் அரை நொடி தாமதித்து ஒரு பாஸ் தாண்டிவிட்டால், பாதி மைதானம் எதிரணிக்கு.

கடைசி நாளில் மில்வாலில் 1-3 என்றிருந்து 4-3 வெற்றி. ஆனாலும் 69 புள்ளியில் சந்தர்லாந்துடன் சமமாகி ஏழாமிடம், பிரீமியர் லீக்குக்கு ஏறுவதற்கான ப்ளே-ஆஃப் போயிற்று. கோல் வித்தியாசத்தில் சந்தர்லாந்து +13, இவர்கள் −2. வாங்கித் தள்ளிய கோல்களுக்கான பில் அன்று வந்தது. அடுத்த சீசனில் ஸ்மோடிக்ஸ் லீக்கில் 27 கோல், முன்வரிசைக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து போட்டவை ஏராளம். யாரை நினைவூட்டுகிறது என்று தனியாகச் சொல்லவேண்டாம். 2024 பிப்ரவரியில் தொமாசன் கிளம்பிவிட்டார்.

ஸ்கோனே
அடுத்து ஸ்வீடன் தேசிய அணிப் பயிற்சியாளரானார், அங்கே விழுந்ததற்குக் காரணமும் அந்த ஆளுக்கு ஆள் கணக்குதான். 1970-களில் இங்கிலாந்துப் பயிற்சியாளர்கள் ஹாட்டனும் ஹாட்ஜ்சனும் கொண்டுவந்த 4-4-2 (நான்கு காவலர், நான்கு நடுவரிசை, இரண்டு முன்வரிசை), பகுதி காக்கும் முறை அங்கே ஊறிப்போனது. முந்தைய பயிற்சியாளர் யான்னே ஆண்டர்சன் வரை அதுவே. இவர் மூன்று சென்டர் பேக், ஓரத்தில் ஏறி இறங்கும் விங்-பேக், ஆளுக்கு ஆள் என்று மாற்றினார். கிளப்பில் தினமும் பழகலாம். தேசிய அணியில், கிளப் ஆட்டங்களுக்கு நடுவே வரும் ஒரு இடைவெளிக்கு முழுமையான பயிற்சி இரண்டு மூன்று தடவைதான் கிடைக்கும்.

பலவீனமான அணிகளுக்கு எதிராக இது தெரியவில்லை. 2024 நேஷன்ஸ் லீக் சி பிரிவில் ஐந்து வெற்றி, ஒரு டிரா, 19-4. அஜர்பைஜானை 6-0, அதில் யோக்கெரெஸ் நான்கு, குலுசெவ்ஸ்கி இரண்டு.

உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று வந்தபோது குலுசெவ்ஸ்கி முழங்கால் காயத்தில் இல்லை. இசாக் லிவர்பூலுக்கு மாறும் இழுபறியில் சீசனுக்கு முந்தைய பயிற்சியே எடுக்கவில்லை. ஸ்லோவேனியாவிடம் கடைசி நேர கோலில் 2-2. கொசோவோவில் 0-2, சுவிஸிடம் 0-2, கோதன்பர்கில் மறுபடியும் கொசோவோவிடம் 0-1. கடைசி ஆட்டத்தில் யோக்கெரெஸும் இசாக்கும் சேர்ந்து ஆடியும் பூஜ்யம். இருவருமே முன்னால் ஓடுகிறவர்கள், இடையில் பந்து வாங்கித் தருபவர் இல்லை. ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்றே பெயர் வாங்கிய ஒருவரின் அணியில் அந்த இடம் காலியாக இருந்தது. 2025 அக்டோபர் 14-இல் பதவி நீக்கம்.

கறார்
ஆளுக்கு ஆள் முறையை மட்டும் குறை சொல்வது எளிது. இசாக் முழுத் தகுதியோடு இருந்து, குலுசெவ்ஸ்கியும் இருந்தால் கொசோவோவிடம் இரண்டு முறை தோற்றிருக்கமாட்டார்கள். ஆனால் நான்கு ஆட்டத்தில் ஒரு புள்ளி எடுத்தவரை எந்தச் சங்கமும் வைத்துக்கொள்ளாது, அதில் வாதமில்லை.

இன்னொன்று. அடுத்த பயிற்சியாளராகக் கிரஹாம் பாட்டர் வந்தபிறகும் ஸ்வீடன் இரண்டு புள்ளியோடு குழுவில் கடைசிதான். இருந்தும் ப்ளே-ஆஃப் வாய்ப்பு கிடைத்தது. அது தகுதிச்சுற்றில் கிடைத்ததல்ல, 2024-இல் தொமாசன் வென்றுவைத்த நேஷன்ஸ் லீக் குழுவால் கிடைத்தது.