சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) இல்ல மேம்பாட்டுத் திட்டமான எச்ஐபி வந்தபோது எதற்குக் காசு கேட்கவில்லை, எதற்குக் கேட்டார்கள்?

அங் மோ கியோ மருமகள்:
எங்கள் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) 1970களின் கடைசியில் கட்டியது. மூவறை வீடு. குளியலறைக் கூரையில் காறை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. இரண்டு முறை பூசி வெள்ளையடித்தோம், இரண்டு முறையும் விழுந்தது. பார்க்க வந்த பொறியாளர்தான் விளக்கினார்: ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கிறது, துரு ஏற ஏறக் கம்பி உப்புகிறது, உப்பிய கம்பி கீழே உள்ள காறையைத் தள்ளிவிடுகிறது. மேலே பூசி மறைப்பதில் பயனே இல்லையாம். தளர்ந்ததை எல்லாம் கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து, கம்பிக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடித்துவிட்டுத்தான் புதிதாகப் பூச வேண்டும்.

இந்த வேலை இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில் 'அவசியமான பணி'. குடிமக்களுக்கு அரசாங்கமே முழுச் செலவையும் ஏற்கிறது. பழைய கழிவுக் குழாயை மாற்றுவதும், மின்சார அளவைக் கூட்டுவதும் இதே கணக்குதான். மூங்கில் கழி செருகும் அந்தப் பழைய குழாய்களை எடுத்துவிட்டுத் துணி காயப்போடும் சட்டம் மாட்டுவதும் இதில் வரும். (கழியில் ஈரப் போர்வையைக் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டியவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும்!)

குளியலறையைப் புதுப்பிப்பது, வாசற்கதவு, இரும்புக் கிராதி, குப்பைக் குழாய் மூடி இவையெல்லாம் நம் விருப்பம். வேண்டுமென்றால் மூவறை வீட்டுக்கு 5 விழுக்காடு கட்டினால் போதும். நாலறைக்கு 7.5, ஐந்தறைக்கு 10, எக்ஸிகியூட்டிவ் எனும் பெரிய வீட்டுக்கு 12.5. சேம நிதியிலிருந்தும் கட்டலாம். நான் அடுப்பங்கரை அலமாரியும் சேர்த்தி என்று நினைத்துப் பழையதைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டேன். அதற்கு ஒரு காசு உதவி கிடையாது!

வேலை பத்து நாள். வீட்டுக்குள்ளேயே தற்காலிகக் கழிப்பறை ஒன்றை வைத்தார்கள். மாமியார் அதை ஒருமுறை பார்த்தார், பையை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

பிடோக் தம்பி:
அக்கா, என் கதை வேறு. எச்ஐபி வேண்டுமா என்ற வாக்கெடுப்புக்கு எட்டு மாதம் முன்னால்தான் குளியலறைக்குப் புது ஓடு பதித்தேன். குடிமக்கள் வீடுகளில் 75 விழுக்காடு ஆதரித்தால் புளோக் முழுக்க வேலை நடக்கும். என் ஒரு ஓட்டு எம்மாத்திரம்? சரி, குளியலறை வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஆனால் கழிவுக் குழாய் மேல் மாடியிலிருந்து தரைத்தளம் வரை ஒரே நேர்கோட்டில் இறங்குகிறது, என் வீட்டில் மட்டும் பழையதை விட முடியாது. குழாயை ஒட்டிய ஓடுகளை உடைக்க வேண்டியதாயிற்று. அதே நிற ஓடு கடையில் தீர்ந்துபோயிருந்தது. இன்றும் மூலையில் நான்கு ஓடு மட்டும் வேறு நிறம். உங்கள் புளோக்கின் பெயர் வந்துவிடும் போலிருந்தால் புது ஓடு பதிக்காமல் கொஞ்சம் பொறுங்கள்.

ஜூரோங் வாசி:
நாங்கள் நிரந்தரவாசிகள், குடிமக்கள் அல்ல. எங்களுக்கு வாக்கும் இல்லை, சலுகையும் இல்லை. அவசியமான பணிக்கும் முழுச் செலவு எங்களுடையதுதான். அறிவிப்பு வந்தபோது எல்லாருக்கும் இலவசம் என்று நம்பி ஊருக்குப் போன் போட்டு வேறு சொல்லிவிட்டேன். அப்புறம் கணக்கு வந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

செங்காங் மகள்:
2007இல் இதை அறிவித்தபோது 1986 வரை கட்டிய வீடுகளுக்குத்தான் என்றார்கள். 2018இல் 1997 வரை நீட்டினார்கள். எங்களுடையது 1999. இரண்டு வருடத்தில் தவறிப்போனோம்.

ஆனால் இரண்டு விஷயம் கிடைத்தது. அப்பாவுக்கு 71 வயது. முதியோருக்கான ஈஸ் திட்டத்துக்கு எச்ஐபிக்காகக் காத்திருக்க வேண்டாம், வீவகவில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். கைப்பிடிக் கம்பிகள் போட்டார்கள், தரை வழுக்காமலிருக்க ஓட்டின் மீது பூச்சு பூசினார்கள். 65 வயதானால் போதும், 60லிருந்து 64 என்றால் அன்றாட வேலைகளுக்கு ஒருவர் துணை தேவைப்பட வேண்டும். அப்பா முதலில் "நான் என்ன நோயாளியா?" என்று முறைத்தார். இப்போது துண்டு காயப்போடுவதே அந்தக் கம்பியில்தான்.

இரண்டாவது, மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து எங்கள் கூரையில் நீர்க் கசிவு. இதற்கு வீவக நல்லெண்ண அடிப்படையில் பாதிச் செலவை ஏற்கிறது, மீதியை மேல் வீடும் கீழ் வீடும் ஆளுக்கு 25 விழுக்காடு. மேல் வீட்டு அங்கிள் "ஒழுகுவது உன் வீட்டில்தானே, நான் ஏன் கட்ட வேண்டும்?" என்றார். சண்டை போடவில்லை. கீழே கூட்டிவந்து, அம்மா போட்ட தேத்தண்ணியைக் கையில் கொடுத்து, அந்தக் கூரைக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். இரண்டு சொட்டு தலையில் விழுந்ததும் படிவத்தைக் கேட்டார்.